கிளியம்மாள் கொல்லாத மரங்கள்

நாற்பத்தொரு ஒதியமரங்களைப் பட்டை வெட்டிக் கொன்றதாகக் கிளியம்மாள் மேல் ஒரு வழக்கு இருந்தது. 1971-இல் தொடங்கி 1974 வரை இழுத்தது. அவள் ஒரு மரத்தைக்கூடக் கொல்லவில்லை. வழக்குப் போட்டவருக்கு அது தெரியும். சாட்சிக் கையெழுத்துப் போட்டவருக்கும் தெரியும். நான் அப்போது பாண்டுரங்கன் என்கிற வக்கீலிடம் குமாஸ்தா. முதல் நாளே எனக்கும் தெரிந்திருக்கும், நான் கொஞ்சம் மெனக்கெட்டிருந்தால். மெனக்கெடவில்லை. அந்தக் கோபத்தையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் போகிற சாலையில் பாதி வழியில் இறங்கி, ஏரிக்கரை மேலேயே இரண்டு மைல் நடந்தால் மேட்டுக்கண்டிகை. ஊருக்குத் தெற்கே காப்புக்காடு. கிளியம்மாள் பதினாறு வயதில் அந்த ஊர்க் காலனிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். புருஷன் பெயர் மண்ணாங்கட்டி. அவனுக்கு முன்னால் பிறந்த மூன்று பிள்ளைகள் தங்காததால் அவனாவது தங்கட்டும் என்று வைத்த பெயர். கல் குவாரியில் வேலை செய்தான். 1963-இல் ஒரு சில்லு தெறித்து வலது கண் போயிற்று. அதிலிருந்து வீட்டுக்கு முதல் வருமானம் கிளியம்மாளுடையது. அது காட்டிலிருந்து வந்தது. இன்னும் சரியாகச் சொன்னால், ஒதியமரத்துப் பிசினிலிருந்து வந்தது.

ஒதியமரத்தைத் தச்சர்கள் திரும்பிப் பார்ப்பதில்லை. நல்ல விறகுகூட இல்லை. ஆனால் அந்தப் பிசின் இல்லாமல் அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் வெள்ளையடிப்பு இல்லை. ஊறவைத்த பிசினைச் சுண்ணாம்போடு கரைத்தால்தான் சுவரில் பிடிக்கும். இல்லாவிட்டால் சாய்கிறவன் முதுகெல்லாம் வெள்ளை. தை பிறந்து மரம் இலை கொட்டியதும் வேலை தொடங்கும். விரல் நீளக் கத்தியால் பட்டையில் நக ஆழத்துக்குச் சாய்வாக ஒரு கீறல். பத்து நாள் கழித்துப் போனால் கீறலின் ஓரத்தில் மஞ்சள் கலந்த வெள்ளையில் பிசின் திரண்டு நிற்கும். கிள்ளி எடுத்து, முறத்தில் உலர்த்தி, தூசு பொறுக்கித் தர வேண்டும். அடுத்த கீறல் மரத்தின் வேறு பக்கத்தில். பழைய கீறல் ஆறும்வரை அந்தப் பக்கம் கத்தி படக்கூடாது. இருபது வருஷமாக அவள் கீறிய மரங்கள் இருபது வருஷமும் தழைத்தன.

காட்டுப் பொருளைச் சும்மா எடுத்துவிட முடியாது. ஆவாரம்பட்டை, புளி, துடைப்பப்புல், பிசின் எல்லாவற்றையும் சேர்த்து வருஷத்துக்கு ஒருமுறை ஏலம் போகும். ஏலம் எடுத்தவர் கொடுக்கும் சீட்டு இருந்தால்தான் பெண்கள் உள்ளே போகலாம். எடுத்த பிசினை அவருக்கே எடை போட்டுக் கொடுக்க வேண்டும். 1970-இல் ஏலம் எடுத்தவர் தாண்டவராயன். இரண்டு லாரியும் ஒரு அரிசி மில்லும் வைத்திருந்தவர். மறு வருஷம் ஜூன் கடைசியில் அவர் ஏலம் முடிகிறது.

அந்த மாசி மாதம் தாண்டவராயன் ஐந்து ஆட்களைக் கோடாலியோடு காட்டுக்குள் அனுப்பினார். அவர்கள் ஒதியமரங்களின் அடியில் ஒரு முழ உயரத்தில், கை அகலத்துக்கு, பட்டையைச் சுற்றி வளையமாகக் கொத்தி எடுத்தார்கள். மேல் பட்டை மட்டுமல்ல, உள்ளே சிவந்த சதையும் போய், வெள்ளைக் கட்டை தெரிகிற அளவுக்கு. அப்படி வெட்டினால் மரம் தாங்காமல் பிசினைக் கொட்டும். நான்கு வருஷத்துப் பிசின் நான்கு வாரத்தில் வரும். அதோடு சரி.

கிளியம்மாள் நேரே தாண்டவராயனின் மில்லுக்குப் போய், இப்படி வெட்டினால் மரம் செத்துப்போகும், கோடாலிக்காரர்களை நிறுத்துங்கள் என்று சொன்னாள். அவருக்கு அது தெரியாத விஷயம் என்று அவள் உண்மையாகவே நினைத்திருந்தாள். அவர் கோபப்படக்கூட இல்லை. மூட்டைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"ஜூனோட என் ஏலம் முடியுது. அப்பால அது தழைச்சா இன்னா, பட்டுப்போனா இன்னா? நீ பொறுக்கறத பொறுக்கிகினு போ."

அடுத்து அவள் வனக்காவலர் கோதண்டத்திடம் போனாள். அவருடைய வேலையே அந்தக் காட்டைப் பார்ப்பதுதான். ஒருமுறை அல்ல, இரண்டுமுறை சொன்னாள். முதல்முறை பார்க்கிறேன் என்றார். இரண்டாம்முறை, உனக்கு எதற்கு இந்த வம்பு, சீட்டு வேண்டுமா வேண்டாமா என்று கேட்டார். தாண்டவராயனின் லாரி சிங்கப்பெருமாள் கோவில் ரயில்நிலையத்துக்கு மூட்டை ஏற்றிக்கொண்டு அந்தக் கோடை முழுவதும் போய் வந்தது. காவலர் வீட்டு வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும்.

கோடையில் எல்லா ஒதியமரமும் மொட்டையாகத்தான் நிற்கும். உயிருள்ளது எது, செத்தது எது என்று பார்த்துச் சொல்ல முடியாது. ஆடி மழைக்குள் காடு தழைத்தது. வளையம் வெட்டிய மரங்கள் தழைக்கவில்லை. சிலவற்றில் மட்டும், வெட்டுக்குக் கீழே, வேரை ஒட்டி, இரண்டொரு துளிர் கிளம்பியது. மேலே ஒன்றும் இல்லை. கிளியம்மாள் மரத்துக்கு ஒரு கல்லாக மடியில் போட்டுக்கொண்டு நடந்தாள். வீட்டுக்கு வந்து கொட்டி எண்ணியபோது நாற்பத்தொன்று. அன்று அவள் சாப்பிடவில்லை என்று மண்ணாங்கட்டி பிறகு என்னிடம் சொன்னான்.

ஆகஸ்ட் மாதம் காவலருக்கு மேலதிகாரியான ரேஞ்சர் ஜீப்பில் வந்தார். காலனிப் பெண் ஒருத்தி அதிகாரியின் ஜீப்புக்குக் குறுக்கே போய் நின்று பேசுவது அன்றைக்குச் சின்ன விஷயம் இல்லை. கிளியம்மாள் நின்றாள். யார் வெட்டச் சொன்னது, எந்த மாதம், எத்தனை மரம் என்று சொன்னாள். ரேஞ்சர் கேட்டுக்கொண்டார். மறுநாள், பதினெட்டாம் தேதி காலையில், அவர் காட்டுக்குள் நடந்து பார்த்து, பார்த்ததைச் சொல்லச் சொல்ல, கோதண்டம் மகஜர் எழுதினார். பிறகு ரேஞ்சர் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். இரண்டு வாரத்தில் அவருக்குத் தெற்கே எங்கோ மாற்றல் வந்தது.

கோதண்டம் யோசித்திருப்பார். மரங்கள் மாசியில் வெட்டப்பட்டன என்றால், ஐந்து மாதம் காவலர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேள்வி வரும். ஆகவே மரங்கள் மாசியில் வெட்டப்படவே இல்லை. ஆகஸ்ட் பதினேழாம் தேதி மாலை, கிளியம்மாளும் அடையாளம் தெரியாத இருவரும் வெட்டிக்கொண்டிருந்ததைத் தன் கண்ணால் பார்த்ததாகவும், அந்த இருவரும் ஓடிவிட்டதாகவும், கிளியம்மாளிடமிருந்து கத்தியைக் கைப்பற்றியதாகவும் தனியாக ஒரு குற்ற அறிக்கை எழுதினார். சாட்சி என்று கையெழுத்துப் போட்டவர் தாண்டவராயன். யார் வாய் திறந்து சொன்னாளோ அவளே குற்றவாளி. வீட்டில் முறத்துக்குப் பக்கத்தில் கிடந்த விரல் நீளக் கத்தியை எடுத்துப்போய்ச் சீட்டுக் கட்டி, வழக்குச் சொத்து என்று எண் போட்டார்கள்.

முதல் வாய்தாவுக்கு அவளும் மண்ணாங்கட்டியும் வந்து எங்கள் வக்கீலைப் பார்த்தார்கள். பாண்டுரங்கன் இரண்டு நிமிஷம் கேட்டார். ஒப்புக்கொண்டால் ஐம்பது ரூபாய் அபராதம், மத்தியானமே வீட்டுக்குப் போகலாம். நடத்துவதாக இருந்தால் என் ஃபீஸுக்கே உன்னால் முடியாது என்றார். வெளியே வந்து நானும் அதையே சொன்னேன். நல்ல யோசனை சொல்வதாகத்தான் எனக்கு நினைப்பு. சின்ன கேஸ், எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள், ஒப்புக்கொண்டு போம்மா என்றேன். மண்ணாங்கட்டியும் தலையாட்டினான். அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள்:

"நான் ஒத்துகினா, அத்தினி மரத்தையும் கொன்னது நானுன்னு ஆயிடும் இல்ல? அப்ப அவன் கொன்னது எங்க போவும்?"

உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

அவள் கூண்டில் ஏறி, குற்றம் செய்யவில்லை என்றாள். கோர்ட்டுத் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிரி என்று பெயர். எதிரி கிளியம்மாள், கணவர் பெயர் மண்ணாங்கட்டி என்று படித்ததும் பெஞ்சு குமாஸ்தா சிரித்தார். இன்னும் இரண்டு பேர் சேர்ந்து சிரித்தார்கள். யாருக்கு நான் எதிரி என்று அவள் பிறகு என்னிடம் கேட்டாள்.

வழக்கு என்று ஒன்று இருந்தால் காட்டுக்குச் சீட்டுக் கிடையாது. இருபது வருஷத் தொழில் ஒரே காகிதத்தில் போயிற்று. கண்ணைப் பறித்த அதே குவாரியில் புருஷனோடு அவளும் ஜல்லி உடைக்கப் போனாள். வாய்தா நாளில் விடியுமுன் எழுந்து, ஏரிக்கரை மேல் நடந்து, ஒரகடத்தில் பஸ் பிடித்து, ஸ்ரீபெரும்புதூரில் இறங்கி, பத்து மணிக்குக் கோர்ட்டு வராந்தாவில் நிற்பாள். பெரும்பாலான நாளில் நடந்தது இதுதான்: காவலர் வரவில்லை, வழக்கு ஒத்திவைக்கப்படுகிறது. கோதண்டம் பதினொரு முறை வரவில்லை. வேறு அலுவல் என்று ஒரு கடிதம் வரும். சில நாள் அதுவும் வராது. ஒருவரும் அவரை ஒன்றும் கேட்கவில்லை.

1972 ஐப்பசியில் பெரும் மழை. ஏரி நிரம்பி ரோடு அறுந்து, பஸ் ஓடவில்லை. கிளியம்மாள் முட்டளவு தண்ணீரில் நடந்தே வந்து மத்தியானம் இரண்டு மணிக்குச் சேர்ந்தாள். பதினொரு மணிக்கே மூன்று தரம் பெயர் கூப்பிட்டு, ஆள் இல்லை என்று வாரண்டு போட்டாகிவிட்டது. ஈரப்புடவையோடு அவளை சப் ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு நாள் உள்ளே இருந்தாள். பதினொரு முறை வராதவருக்குக் கடிதம் போதும். ஒருமுறை மூன்று மணி நேரம் தாமதித்தவளுக்குக் கம்பி. இதைச் சட்டப்படி சரி என்று எனக்கு விளக்கியவர்கள் உண்டு. எனக்கும் அந்தச் சட்டம் தெரியும். இப்போது நினைத்தாலும் உடம்பு எரிகிறது.

அதைவிட ஒன்று உண்டு. அந்த வருஷமே, செத்து நின்ற நாற்பத்தொரு மரங்களையும் பட்ட மரம் என்று தனியாக ஏலம் விட்டார்கள். பெட்டிப் பலகைக்கு என்று ஏலத்தில் எடுத்தவர் தாண்டவராயன். கொன்றதில் ஒருமுறை லாபம், பிணத்தில் ஒருமுறை லாபம். கிளியம்மாள் ஜல்லி உடைத்துக்கொண்டிருந்த குவாரி வழியாகத்தான் அந்த லாரிகள் போயின.

அவள் ஜெயிலிலிருந்து வந்த பிறகுதான் எனக்குச் சொரணை வந்தது. வக்கீலுக்குத் தெரியாமல் அவளுக்கு மனு எழுதிக் கொடுக்க ஆரம்பித்தேன். வழக்குக் காகிதங்களுக்கு நகல் வாங்கினேன். 1974 தொடக்கத்தில் ஒரு நாள், கோர்ட்டுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து குற்ற அறிக்கையையும் மகஜரையும் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். வழக்குத் தொடங்கி இரண்டரை வருஷம் கழித்து, அவள்மேல் என்ன எழுதியிருக்கிறது என்பதை முதல்தடவையாக அவள் காதால் கேட்டாள். நான் வேகமாகப் படித்துக்கொண்டே போனேன். மரங்களின் சுற்றளவு, வெட்டின் அகலம், மேற்கிளைகளில் இலை இல்லை, பதின்மூன்று மரங்களில் வெட்டுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குத் துளிர். அவள் கையை நீட்டி என்னை நிறுத்தினாள்.

"அத இன்னொரு வாட்டி படி."

படித்தேன். பத்துமுறை நான் வாசித்திருந்த வரி அது. அவள் மகஜர் எழுதிய தேதியைக் கேட்டாள். பதினெட்டு காலை. அவள் வெட்டியதாகச் சொன்ன தேதியைக் கேட்டாள். பதினேழு மாலை. பிறகு எனக்குப் புரியும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மரத்தைத் தெரிந்த ஒருத்திக்கு ஒருமுறை கேட்டது போதுமாக இருந்தது. காகிதத்தில் பிழைக்கிற எனக்கு இரண்டரை வருஷம் போதவில்லை.

அந்த வருஷம் புது மாஜிஸ்திரேட் வந்திருந்தார். இனி சாட்சி வராவிட்டால் வழக்கைத் தள்ளிவிடுவேன் என்று கண்டிப்பாகச் சொன்னதால் கோதண்டம் கடைசியில் வந்தார். கூண்டில் ஏறி எழுதியதை அப்படியே ஒப்பித்தார். எதிரிக்கு வக்கீல் இல்லையா என்று மாஜிஸ்திரேட் கேட்டார். இல்லை, நானே கேட்கிறேன் என்றாள் கிளியம்மாள். பெஞ்சு குமாஸ்தா சிரிக்கப் பார்த்தார். மாஜிஸ்திரேட் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டார்.

"கார்டையா, நான் வெட்றத என்னிக்கு பாத்தீங்க?"

பதினேழாம் தேதி சாயங்காலம் என்றார் கோதண்டம்.

"அதுக்கு மின்ன அந்த மரத்துல வெட்டு இருந்திச்சா?"

இல்லை, நன்றாக இருந்தது என்றார்.

"மறுநா காலில நீங்களே எழுதனீங்க, வெட்டுக்குக் கீய ஒரு சாண் துளிர் வந்துகீதுன்னு. ஒரே ராவுல ஒரு சாண் வளர்ற ஒதியமரம் எந்தக் காட்டுல கீது? எனுக்கும் கொஞ்சம் காட்டுங்க."

கோதண்டம் மாஜிஸ்திரேட்டைப் பார்த்தார். பிறகு சர்க்கார் வக்கீலைப் பார்த்தார். ரேஞ்சர் சொன்னதை எழுதினேன் என்றார். துளிர் முன்பே இருந்திருக்கலாம் என்று சர்க்கார் வக்கீல் எழுந்து சொன்னார். மாஜிஸ்திரேட் மகஜரை வாங்கிப் படித்துவிட்டு, நன்றாக இருந்த மரம் மழைக்காலத்தில் உச்சியில் ஒரு இலைகூட இல்லாமல் அடியில் மட்டும் துளிர்க்குமா என்று காவலரைக் கேட்டார். சீட்டுக் கட்டிய அந்தக் கத்தியைக் கொண்டுவரச் சொல்லி, தன் விரலோடு வைத்து அளந்து பார்த்தார். இதனால் நாற்பத்தொரு மரமா என்று மட்டும் கேட்டார். தாண்டவராயன் வராந்தாவரை வந்திருந்தார். சாட்சி சொல்ல அவரைக் கூப்பிட்டபோது ஆளைக் காணவில்லை.

பத்து நாளில் தீர்ப்பு. விடுதலை. மண்ணாங்கட்டி கோர்ட்டு வாசலிலேயே உட்கார்ந்து அழுதான். நான் நகல் வாங்கி வந்து, கடைசிப் பாராவைச் சந்தோஷமாகப் படித்தேன்: சந்தேகத்தின் பலனை எதிரிக்கு அளித்து விடுதலை செய்து தீர்ப்பளிக்கிறேன். அவள் முகம் மாறிவிட்டது.

"சந்தேகமா? யாருக்கு சந்தேகம்? எனுக்கு இல்ல. கார்டுக்கு இல்ல. தாண்டவராயனுக்கு இல்ல. யாருக்குய்யா சந்தேகம்?"

அது வெறும் வழக்கமான வாசகம், எல்லாத் தீர்ப்பிலும் இருக்கும் என்று சமாதானம் சொன்னேன். அவள் செய்யவில்லை என்று எழுதியிருக்கிறதா என்று கேட்டாள். அப்படி எழுதவில்லை. யார் செய்தார் என்று எழுதியிருக்கிறதா? அதுவும் இல்லை. தீர்ப்பைத் திருத்த முடியுமா என்று பாண்டுரங்கனிடம் கேட்டுப் பார்த்தேன். விடுதலை விடுதலைதான், இதில் திருத்த என்ன இருக்கிறது என்று அவர் வேறு வழக்குக் கட்டை எடுத்தார்.

கோதண்டத்தின் மேல் விசாரணை இல்லை. அவர் பதவி உயர்வோடு போய், மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றார். தாண்டவராயனைப் பற்றி ஒரு காகிதமும் எழுதப்படவில்லை. கிளியம்மாளுக்குக் கத்தியும் திரும்ப வரவில்லை; வழக்குச் சொத்து அறையில் தேடினேன், காணோம் என்றார்கள்.

ஆனால் அவள் சும்மா இருக்கவில்லை. தீர்ப்பு நகலை இணைத்து வன அதிகாரிகளுக்கு மனு எழுதச் சொன்னாள். மூன்று எழுதினேன். மூன்றுக்கும் பதில் இல்லை. நான்காவதை எடுத்துக்கொண்டு அவளே நேரில் போய், 1976-இல் புதிதாக வந்திருந்த ரேஞ்சரின் அறைக்கு வெளியே இரண்டு நாள் உட்கார்ந்திருந்தாள். அவர் நல்ல மனிதர். அவளோடு காட்டுக்குள் நடந்து, அறுத்த அடிக்கட்டைகளைப் பார்த்தார். அந்த வருஷ ஏல நிபந்தனைகளில் இரண்டு வரி சேர்ந்தது: பிசின் எடுக்கக் கோடாலி கூடாது, மரத்தை வளையம் வெட்டினால் ஏலம் எடுத்தவரே பொறுப்பு. இரண்டே வரி. இதை எழுத ஒருத்தி ஐந்து வருஷம் ஜல்லி உடைக்க வேண்டியிருந்தது. இந்த நிபந்தனையில் மனுஷன் தொழில் செய்ய முடியாது என்று தாண்டவராயன் டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தாராம். அவர் அப்புறம் ஏலத்துக்கு வரவில்லை. அடுத்த தையில் கிளியம்மாளுக்குச் சீட்டுக் கிடைத்தது. புதுக் கத்தி ஒன்றை அடித்து வாங்கிக்கொண்டு போனாள்.

1984-இல் அவளைச் சிங்கப்பெருமாள் கோவில் ரயில்நிலையத்தில் பார்த்தேன். மண்ணாங்கட்டி போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. முட்டி வலியால் காட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிற வண்டிக்குக் காத்திருந்தாள். பழைய கதை பேசினோம். எல்லாம் முடிந்து பத்து வருஷம் ஆகிவிட்டது, இனி விட்டுவிடு என்றேன். தீர்ப்பில் அந்த ஒரு வார்த்தையை எடுக்கச் சொல்லி இன்னொரு மனு எழுதித் தர முடியுமா என்று கேட்டாள்.

அதற்குச் சட்டத்தில் இடம் இல்லை என்று எனக்குத் தெரியும். இந்தமுறை அதை நான் சொல்லவில்லை. பையிலிருந்து காகிதம் எடுத்து, பிளாட்பார பெஞ்சிலேயே எழுதினேன். நான் செய்யவில்லை என்று பதிவு செய்ய வேண்டும் என்பதுதான் கோரிக்கை. ஸ்டேஷன் மாஸ்டரிடம் மைப்பெட்டி கேட்டு வாங்கி வந்தேன். கிளியம்மாள் கைநாட்டை அழுத்தி வைத்துவிட்டு, மை புடவையில் படாமல் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே வண்டி ஏறினாள். மறுநாள் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பதில் வரவில்லை.